ரிமைண்டர் மாமாவும் ஒன்பது சிறைகளும்

இந்தப் பூமியில் இதுவரை எழுதப்பட்ட கடிதங்களில் பாதியை எழுதியவர் ரிமைண்டர் மாமா. மீதிப் பாதி, அவருடைய தொல்லை தாங்காமல் மற்றவர்கள் எழுதிய பதில்கள்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் மாதுங்காவில் எங்கள் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ஒரு மாதம் குடியிருந்திருக்க வேண்டும். நான் அவருக்கு எதிர்வீட்டில் பதினோரு வருஷம் இருந்தேன். பல்பு மாற்றுவதற்காக ஒருமுறை அவரிடம் ஸ்டூல் வாங்கி வந்தேன். நான்காம் நாள் தபாலில் ஒரு கடிதம் வந்தது. ‘பொருள்: ஸ்டூல். தாங்கள் சென்ற செவ்வாயன்று எடுத்துச் சென்ற மேற்படி ஸ்டூல் தொடர்பாகத் தங்களிடமிருந்து தகவல் ஏதும் வரப்பெறவில்லை.’ அவர் வாசலுக்கும் என் வாசலுக்கும் இடையே எட்டு அடி. அந்த எட்டு அடியைக் கடக்க அந்தக் கடிதம் தபால் நிலையம் வரை போய் முத்திரை குத்திக்கொண்டு வந்திருந்தது. கதவைத் தட்டிக் கேட்டிருக்கலாமே என்றேன்.

“தட்டினா நீ ‘இதோ தரேன் மாமா’ம்பே. அதுக்கு ரெக்கார்டு எங்கே இருக்கு?” என்றார்.

மாமா பாலக்காட்டுப் பூர்வீகம், மாதுங்காப் பிறப்பு. பல்லார்ட் பியரில் ஒரு சரக்குப் போக்குவரத்துக் கம்பெனியில், காணாமல் போன பெட்டிகளைத் தேடும் பிரிவில் முப்பத்தைந்து வருஷம் குமாஸ்தாவாக இருந்தவர். இருந்த இடத்தைவிட்டு எழுந்திருக்காமல், கடிதம் எழுதி எழுதியே நாடெங்கும் தொலைந்த பெட்டிகளைக் கண்டுபிடித்தவர். ஓய்வுபெற்ற நாளில் கம்பெனி ஒரு கைக்கடிகாரம் கொடுத்தது. மறுவாரமே அது நாளுக்கு இரண்டு நிமிஷம் பின்தங்குவதாக எழுதிவிட்டார். பதினெட்டாவது ரிமைண்டரில் கம்பெனி வேறு கடிகாரம் அனுப்பியது. ஒருவேளை, வேறு கம்பெனியாகவே மாறிவிடலாமா என்றுகூட யோசித்திருப்பார்கள்.

மாமிதான் அவருக்குச் சரியான இணை. காலையில் மாமா ஒரு துண்டுச் சீட்டில் ‘காப்பி: முதல் ரிமைண்டர்’ என்று எழுதி அடுக்களைக் கதவுக்கு அடியில் தள்ளுவார். சீட்டு திரும்பி வரும். அதன் பின்பக்கத்தில் மாமியின் கையெழுத்தில், ‘பரிசீலனையில் உள்ளது.’

இப்படிப்பட்ட மனிதர் திபெத்துக்காகப் போராடக் கிளம்பியதற்குக் காரணம் ஒரு ஜிப்.

பம்பாயில் குளிர்காலம் என்பது ஒரு வதந்தி. டிசம்பரில் ஒரு நாள் விடியற்காலையில் மின்விசிறியை ஒரு புள்ளி குறைத்துவைத்தால் அன்று குளிர்காலம் தொடங்கிவிட்டதாக அர்த்தம். மாதுங்கா மாமாக்கள் உடனே குரங்குக் குல்லா அணிந்து, ஏதோ பனிமலையில் ஏறப்போகிறவர்கள்போலக் காய்கறி வாங்கப் போவார்கள். இந்த வதந்தியை நம்பி வருஷாவருஷம் ஸ்டேஷனுக்குப் பக்கத்து நடைபாதையில் ஸ்வெட்டர் கடை விரிப்பவள் டோல்மா. கர்நாடகத்தில் ஒரு திபெத்தியக் குடியிருப்பில் வளர்ந்தவள். வயது நாற்பதுக்குக் கொஞ்சம் மேலே. கன்னடம் பேசுவாள், பம்பாய் இந்தி பேசுவாள், மாமிகளோடு பேரம் பேசிப் பேசி ஒரு மாதிரித் தமிழும் கற்றுக்கொண்டிருந்தாள். வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப்புக்குப் போகும் வழியில் அவள் கடை இருந்ததால் மிச்சக் கதைக்கு நான் நேரடிச் சாட்சி.

மாமா வாங்கிய சாம்பல் நிற ஸ்வெட்டரின் ஜிப் மூன்றாம் நாள் பல்லைக் காட்டிவிட்டது. வேறு யாராக இருந்தாலும் ஸ்வெட்டரோடு போயிருப்பார்கள். மாமா கடிதத்தோடு போனார்.

“அங்கிள், ஜிப்தானே? கழட்டிக் குடுங்க. நாளைக்கு மாத்தித் தரேன்” என்றாள் டோல்மா.

“அது அப்புறம். லெட்டரை வாங்கிண்டேன்னு முதல்ல ஒரு கையெழுத்துப் போடு.”

அவள் தன்னுடைய எழுத்தில் கையெழுத்துப் போட்டாள். துணி காயப்போட்ட கொடிபோல மேலே ஒரு கோடு, அதிலிருந்து தொங்கும் எழுத்துகள். மாமா அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளே புது ஜிப் தைத்துக் கொடுத்துவிட்டாள். மூன்றாம் நாள் மாமா மறுபடியும் ஒரு உறையோடு போய் நின்றார். முதல் ரிமைண்டர்.

“ஜிப் மாத்திட்டேனே அங்கிள்!”

“அது நடவடிக்கை. பதில் எங்கே?”

டோல்மா சிரிக்க ஆரம்பித்தாள். அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அப்புறம் நீர் வந்துகொண்டே இருந்தது, சிரிப்பு நின்றுவிட்டது.

“எனக்கும் பதில் வேணும், அங்கிள். எட்டு மாசமா யாரும் தரல” என்றாள்.

ஸ்வெட்டர்களுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தாள். அதில் ஒரு இளைஞனின் புகைப்படமும் கடித நகல்களும் இருந்தன. அவன் நோர்பு, அவளுடைய தம்பி. டோல்மா சிறுமியாக இருந்தபோது சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு மலையைக் கடந்து இந்தியாவுக்கு வந்தவள். அப்போது நோர்பு கைக்குழந்தை, தாயோடு அங்கேயே இருந்துவிட்டான். அதற்கப்புறம் அவனை அவள் செல்போன் திரையில்தான் பார்த்திருக்கிறாள். அவன் செய்த குற்றம், மாலை நேரத்தில் ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துத் திபெத்திய எழுத்துச் சொல்லிக் கொடுத்தது. ஒரு நாள் வந்து அழைத்துப் போனார்கள். எங்கே என்று யாருக்கும் தெரியாது. இருக்கிறானா என்பதே தெரியாது.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் தலையைக் குனிந்துகொண்டேன். என் மகளுக்குத் தமிழ் எழுத்து பஸ் போர்டை ஊகித்துப் படிக்கும் அளவுக்குத்தான் வரும். எங்களை யாரும் தடுக்கவில்லை. போலீஸுக்கு வேலை வைக்காமல் நாங்களாகவே பார்த்துக்கொண்டோம்.

மாமா கடித நகல்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். அந்தத் தூதரகம், இந்த ஆணையம், யாரோ ஒரு பெரிய மனிதர். எல்லாருக்கும் ஒவ்வொரு கடிதம்.

“ரிமைண்டர் போட்டியா?”

“ரிமைண்டர் மத்லப்? அப்படின்னா?”

மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நாற்பது வயதுவரை பல்லே தேய்க்காத ஒருத்தியைச் சந்தித்த பல் டாக்டரின் முகம்.

அன்று மாலை எனக்கு அழைப்பு வந்தது. அதுவும் எழுத்தில்தான். போனேன். மேஜைமேல் ஒரு பட்டியல் இருந்தது. திபெத்தியர்களுக்காகப் பல நாடுகளில் தன்னார்வலர்கள் நடத்தும் ஒரு குழுவிடமிருந்து டோல்மா வாங்கித் தந்தது. அவன் பிடிபட்ட வட்டாரத்தில் இருந்த ஒன்பது சிறைகளின் முகவரிகள்.

“ஒரு பார்சல் காணாமப் போனா என்ன பண்ணுவோம் தெரியுமோ? அது போற வழியில இருக்கற எல்லா ஸ்டேஷனுக்கும் ஒரே சமயத்துல டிரேஸர் போடுவோம், அதாவது தேடற லெட்டர். மூணே கேள்வி. உங்ககிட்ட இருக்கா? நல்ல நிலையில இருக்கா? இல்லேன்னா எங்கே அனுப்பினே? அவ்வளவுதான். திட்டக் கூடாது, அழக் கூடாது.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “மாமா, அது மனுஷன். பார்சல் இல்லை.”

“பார்சலுக்கே இவ்வளவு பண்ணினேன். மனுஷனுக்குப் பண்ண வேண்டாமா?” என்றார்.

நான் வாரப் பத்திரிகைகளில் நகைச்சுவை எழுதுகிறவன். எழுதுகிறேன் என்று நானும், நகைச்சுவையா என்று வாசகர்களும் பல வருஷமாகச் சொல்லி வருகிறோம். பதிலுக்குப் பதில் சொல்வதுதான் என் பிழைப்பு. அன்று பதிலுக்குப் பேனாவை எடுத்து, அவர் எழுதி வைத்திருந்த கடிதங்களில் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.

இன்னொரு சாட்சி வேண்டும் என்றார் மாமா. டோல்மா தனக்கு ஜிப் சப்ளை செய்யும் தாராவி காஜா பாயிடம் எங்களைக் கூட்டிப் போனாள். காஜா பாய் மேலப்பாளையத்துக்காரர். தோல் பை செய்யும் பட்டறை வைத்திருந்தார். ஏழு தையல் மெஷின்களின் சத்தத்துக்கு நடுவே கடிதத்தைப் படித்துக் காட்டினார் மாமா.

“என்ன மாமா, சைனாக்காரன்கூட சண்டைக்கா போறிய? எனக்கு ஜிப்பு, பக்கிள் எல்லாம் அங்கேருந்துல்லா வருது!”

“சண்டை இல்லை பாய். விசாரணை.”

“விசாரணைன்னா செரி. எங்க போடணும் கையெழுத்து? ஏலே, மெஷினை நிறுத்துங்கலே. இந்த அக்காவோட தம்பியக் காணோமாம்.”

காஜா பாய் போட்டார். பட்டறையில் இருந்த எல்லாரும் போட்டார்கள். டீ கொண்டுவந்த ஆளும் போட்டுவிட்டு, அப்புறம்தான் என்ன விஷயம் என்று கேட்டார்.

ஒன்பது கடிதங்களும் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு. பெற்றவர் கையெழுத்திட்டால் அட்டை திரும்பி வர வேண்டும். கவுன்ட்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரில் தேடிவிட்டுச் சொன்னாள், திபெத் என்று நாடுகளின் பட்டியலில் இல்லை, சீனா என்றுதான் போட வேண்டும். மாமா டோல்மாவைப் பார்த்தார். டோல்மா கவுன்ட்டர் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது.

“போடுங்க அங்கிள்” என்றாள் கடைசியில். “போய்ச் சேரணும் இல்ல?”

பிப்ரவரியில் அவள் கடையைச் சுருட்டிக்கொண்டு கர்நாடகத்துக்குப் போனாள். ஏப்ரலிலிருந்து உறைகள் திரும்பி வர ஆரம்பித்தன. ஒவ்வொன்றின் மேலும் சீன எழுத்தில் ஒரு முத்திரை. படிக்கத் தெரிந்தவர் யார்? காஜா பாய்! பக்கிள் விற்கும் சீனக்காரரோடு பேசுவதற்காக அவர் போனில் மொழிபெயர்க்கும் செயலி ஒன்றை வைத்திருந்தார். உறையின் மேல் போனைப் பிடித்தால் அது ஒரு பெண் குரலில் இந்தியில் சொல்லும். முதல் உறைக்கு, ‘இந்த நபர் இங்கே இல்லை.’ இரண்டாவதற்கும் அதேதான். மூன்றாவதற்கு, ‘சரக்கு கையிருப்பில் இல்லை.’

“அதுக்குப் பழக்கதோஷம் மாமா. நான் பக்கிள் கேட்டுக் கேட்டு அப்படி ஆயிட்டு” என்றார் காஜா பாய், போனுக்காக மன்னிப்புக் கேட்கும் குரலில்.

ஒவ்வொரு உறையாக எட்டும் திரும்பி வந்தன. ஒவ்வொரு தடவையும் டோல்மாவுக்குப் போன் செய்தோம். ஒவ்வொரு தடவையும் அவள் “அச்சா அங்கிள்” என்பாள். ஆறாவது உறைக்கு அப்புறம் போனை என்னிடம் கொடுத்துவிட்டு மாமா ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

ஒன்பதாவது உறை வரவில்லை.

ஜூலையில் கொட்டுகிற மழையில் தபால்காரர் வந்தார். நனைந்து ஊறிப்போன ஒரு சிறு அட்டை. அதில் ஒரு சிவப்பு முத்திரை, பாதி கரைந்திருந்தது. அதன் பக்கத்தில் பேனாவால் ஒரு கையெழுத்து. வாழ்க்கையில் ஒருமுறைகூட ஓடாத மாமா, மூன்றாவது மாடியிலிருந்து இறங்கி, குடை இல்லாமல், தாராவிவரை ஓடினார். நான் குடையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். கடைசிவரை அவரைப் பிடிக்க முடியவில்லை. காஜா பாய் போனை அட்டையின் மேல் பிடித்தார். பெண் குரல் சிறையின் பெயரைச் சொல்லி, ‘நிர்வாக அலுவலகம், பெறப்பட்டது’ என்றது.

எட்டுப் பேர் இல்லை என்று திருப்பி அனுப்பியதை ஒருவன் மட்டும் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறான் என்றால்?

ஸ்பீக்கரில் டோல்மாவை அழைத்தோம். விஷயத்தைச் சொன்னோம். அவள் மெதுவாக, “கையெழுத்துப் போட்டது அவனா?” என்றாள்.

“இல்லைம்மா. அங்கே இருக்கற கிளார்க்” என்றார் மாமா. “ஆனா, இல்லாதவன் பேருக்கு எந்தக் கிளார்க்கும் கையெழுத்துப் போட மாட்டான். எனக்குத் தெரியும்.”

பட்டறையில் மெஷின்கள் தாமாகவே நின்றிருந்தன. போனில் அவள் அழுவது மட்டும் கேட்டது.

அடுத்த ரிமைண்டரை மாமா அன்றைக்கே போட்டிருப்பார் என்றுதான் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் டோல்மா பயந்தாள். சத்தம் போட்டால் உள்ளே அவனை அடிப்பார்கள், ஊரில் இருக்கும் அம்மாவைத் தொந்தரவு செய்வார்கள் என்று சிலர் சொன்னார்கள். பேசாமல் இருந்தால் மறந்தேபோவார்கள் என்று வேறு சிலர் சொன்னார்கள். இரண்டுமே நடந்திருக்கிறது.

“ஃபைல் உன்னோடது” என்றார் மாமா. “நான் எழுதி வைக்கறேன். நீ சரின்னு சொல்லாம ஒண்ணும் வெளியில போகாது.”

அப்புறம் நான் பார்த்த காட்சி எனக்கு இன்றுவரை நம்பமுடியாதது. ரிமைண்டர் மாமா காத்திருந்தார். வாரம் ஒரு கடிதம் எழுதி, உறையில் போட்டு, ஒட்டாமல் அடுக்கிவைத்தார். ஏழு வாரம். காப்பிச் சீட்டைக்கூட எழுத மறந்துவிட்டார். பயந்துபோன மாமி, கேட்காமலேயே காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

“ஏன்னா, அந்தப் பொண்ணுக்கு ஒரு ரிமைண்டர் போடக் கூடாதோ?” என்றாள் மாமி ஒரு நாள்.

“அவளுக்குக் கூடாது” என்றார்.

எட்டாவது வாரம் டோல்மா அழைத்தாள். சுற்றி வளைத்து, யார் யாரோ மூலம், அம்மாவிடம் கேட்டுவிட்டாளாம். அம்மா சொன்னது ஒரே வாக்கியம். அவனைப் பெற்றது யாருக்கும் தெரியாமல் வைப்பதற்கு இல்லை.

“போடுங்க அங்கிள்.”

ஏழு உறைகளையும் மாமா ஒரே மூச்சில் நாக்கால் ஒட்டினார்.

இப்போதுதான் அந்தப் பல நாட்டுக் குழு உள்ளே வருகிறது. வீடியோவில் கூட்டம். நார்வேயிலிருந்து இங்க்ரிட் என்ற பெண், கனடாவிலிருந்து இரண்டு பேர், ஜப்பானிலிருந்து ஒருவர், இன்னும் சில முகங்கள். மாமா மேலே கோட்டும் டையும் கீழே வேட்டியுமாக உட்கார்ந்தார். நடுவில் பேனாவை எடுக்க எழுந்து வேட்டியையும் உலக மேடைக்கு அறிமுகம் செய்தார். கடிதங்கள் இதயத்திலிருந்து வர வேண்டும், சொந்த வார்த்தைகளில் உருக்கமாக எழுதுங்கள் என்று இங்க்ரிட் அழகாக விளக்கினாள்.

“மேடம்,” என்றார் மாமா, “இதயத்துக்கு ஃபைல் நம்பர் கிடையாது.”

கூட்டம் அமைதியானது. இணையம் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன்.

“நீங்க அரசாங்கத்துக்கு எழுதறேள். அரசாங்கம் லெட்டர் படிக்காது. படிக்கறவன் ஒரு கிளார்க். உருக்கமா எழுதினா அவன் என்ன பண்ணுவான்? பாவம், எந்தக் கட்டுல வைக்கறதுன்னு தெரியாம ஓரமா வெச்சுடுவான். நம்பர் போட்டு எழுதுங்கோ. முந்தின நம்பரைக் குறிப்பிட்டு எழுதுங்கோ. அப்பத்தான் அவன் ஒரு ஃபைல் திறந்தாகணும். ஃபைல் திறந்தா அதுல பேர் எழுதணும். பேர் எழுதிட்டா அப்புறம் அந்த ஆளைக் காணோம்னு சொல்றது எவனுக்கும் கஷ்டம்.”

இதை அவர் ஆங்கிலத்தில் சொன்னார். அவருடைய ஆங்கிலத்தில் ‘பணிவுடன் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால்’ என்பது மூச்சு விடுவதற்காக. ஆனால் இங்க்ரிட் குறிப்பெடுக்க ஆரம்பித்தாள். அடுத்த மாதத்திலிருந்து நார்வேயிலிருந்தும் கனடாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் அந்தச் சிறை அலுவலகத்துக்குப் போன ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் ஒரு வரி இருந்தது. ‘பார்வை: மாதுங்கா, திபெத், கோப்பு எண் ஒன்று.’ சீனப் புத்தாண்டுக்கு, பெயர் தெரியாத அந்தக் கிளார்க்குக்கு மாமா தனியாக ஒரு வாழ்த்து அட்டையும் அனுப்பினார். அதற்கும் எண் உண்டு.

செய்தி எங்கள் கட்டடச் சொசைட்டி செக்ரட்டரியின் காதுக்குப் போனது. பொதுக்குழுவைக் கூட்டிவிட்டார்.

“மாமா, நம்ம பில்டிங் அட்ரஸ்லேர்ந்து சைனாவுக்கு லெட்டர் போறதாமே? நாளைக்கு எவனாவது தேடிண்டு வந்து நின்னா யார் பொறுப்பு?”

மாமாவுக்கு முன்னால் மாமி எழுந்தாள். “வரட்டும். லிஃப்ட் ஆறு மாசமா ஓடலை. மூணு மாடி ஏறி வந்தா, மூச்சு வாங்கறவாளுக்கு மோர் குடுத்து அனுப்பறேன்.”

அப்புறம் மாமா ஒரு கட்டைப் பிரித்தார். லிஃப்ட் தொடர்பாகச் செக்ரட்டரிக்கு எழுதிய பதினான்கு ரிமைண்டர்கள். வரிசையாக வாசித்தார். ஒன்பதாவதில் செக்ரட்டரி சரணடைந்தார். சீனா என்ன ஆயிற்றோ தெரியாது, அடுத்த வாரம் லிஃப்ட் ஓடியது.

இரண்டாவது குளிர்காலம் போனது. மூன்றாவது வந்தது. சாம்பல் ஸ்வெட்டருக்கு முழங்கையில் ஓட்டை விழுந்தது. ரிமைண்டர் எண்கள் மூன்று இலக்கத்தைத் தொட்டன. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வரி வரவில்லை. ஒப்புகை அட்டைகள் மட்டும் சில வந்தன, சில வரவில்லை. டோல்மா ஒவ்வொரு அட்டையையும் வாங்கி, அந்தக் கையெழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத் தருவாள். எப்போதும் அதே கையெழுத்து. அதுவே எங்களுக்கு ஒரு தைரியம். ஆள் மாறவில்லை, ஃபைல் இருக்கிறது.

ஒரு ஜனவரி காலை, நான் பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தேன். கடையில் யாரும் இல்லை. ஸ்வெட்டர்கள் மட்டும் தொங்கின. திரும்பிப் பார்த்தால், டோல்மா எங்கள் கட்டடத்தின் படிகளில் ஏறி ஓடிக்கொண்டிருந்தாள், லிஃப்ட் இருப்பதை மறந்து.

நோர்பு வீட்டுக்கு வந்துவிட்டான். தண்டனைக் காலம் என்று அவர்கள் பிறகு சொன்னது முடிய இன்னும் நாள் இருந்தது. இடது கால் சரியில்லை, ஊரைவிட்டு வெளியே போகக் கூடாது, மாதாமாதம் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். ஆனால் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறான். யாரோ ஒரு உறவினர் மூலம் அவன் குரலைப் பதிவுசெய்து அனுப்பியிருந்தான். மாமாவின் கூடத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டோம். தகவல் தெரிந்து காஜா பாயும் வந்துவிட்டார். டோல்மா நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

முதல் பல மாதங்கள் உள்ளே அவன் பெயரை யாரும் கேட்கவே இல்லையாம். தான் இருப்பது எந்தத் தாளிலும் இல்லை என்று அவனுக்கே தெரிந்துபோயிற்று. அப்புறம் ஒரு நாள் ஒருவர் ஒரு காகிதக் கட்டோடு வந்து பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். எழுதிவிட்டு, “மாதுங்காவில் உனக்கு யாரைத் தெரியும்?” என்று கேட்டார். தெரியாது என்றான். அடுத்த மாதம் கட்டு பெரிதாக இருந்தது. மறுபடியும் அதே கேள்வி. அதற்கடுத்த முறை ஒரு டாக்டர் வந்து காலைப் பார்த்தார். கம்பளி ஒன்று கிடைத்தது. கடிதங்களால்தானா? யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால் மாதம் தவறாமல் அந்தப் பெயர் மட்டும் வந்தது. மாதுங்கா, மாதுங்கா. அவன் அதைப் படுக்கும்போது சொல்லிக்கொள்வானாம்.

பதிவின் கடைசியில் அவன் ஒரு கேள்வி கேட்டிருந்தான். டோல்மா அதைச் சொல்வதற்குள் மூன்று தடவை மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“அக்கா, மாதுங்கா பெரிய நாடான்னு கேக்கறான்.”

காஜா பாய்தான் முதலில், “நீ என்ன சொன்ன தாயி?” என்றார்.

“இன்னும் சொல்லல. சின்ன ஸ்டேஷன், ஃபாஸ்ட் டிரெயின் நிக்காதுன்னு சொல்லலாம்னு…”

“வேண்டாம்” என்றார் மாமா. கண்ணாடியைக் கழற்றி ஸ்வெட்டர் நுனியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். “பெரிய நாடுதான்னு சொல்லு.”

மாமி பாயசம் வைத்தாள். நான் வாழ்த்துச் சொல்ல மாமாவின் மேஜைக்குப் போனால், மனுஷர் எழுதிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். ‘தங்கள் நடவடிக்கைக்கு மிக்க நன்றி. எனினும் எங்கள் கடிதங்கள் எதற்கும் எழுத்துபூர்வமான பதில் இதுவரை வரப்பெறவில்லை.’

“மாமா, பையன்தான் வந்துட்டானே!”

“அது நடவடிக்கை” என்றார் நிமிராமல்.

மறுவாரம் டோல்மா பக்கத்துக் கடைக்காரியைக் கூட்டி வந்தாள். அவளுடைய அப்பாவை அழைத்துப் போய் இரண்டு வருஷம். மாமா ஒரு புதுக் கோப்பை எடுத்தார். காஜா பாய் தோலில் தைத்துக் கொடுத்தது, பக்கிள் வைத்தது. பக்கிள் எந்த ஊருடையது என்று யாரும் கேட்கவில்லை. அட்டையில் எழுதினார்: மாதுங்கா, திபெத், கோப்பு எண் இரண்டு.

எங்கள் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டுகிறார்கள். நான் செம்பூருக்கு வந்துவிட்டேன். மாமாவும் மாமியும் கல்யாணில் மகனோடு இருக்கிறார்கள். கோப்பு எண்ணில் ஊர்ப் பெயரை மட்டும் மாமா மாற்றவில்லை. இப்போது ஏழாவது கோப்பு நடக்கிறது. மாதத்தின் முதல் வாரம் சாட்சிக் கையெழுத்துக்காக எனக்கு ஒரு கடிதம் வரும். அன்றே கையெழுத்துப் போட்டு, இங்க்ரிட்டுக்கு ஒரு நகலையும் மாமாவுக்குத் தபாலில் மூலத்தையும் அனுப்பிவிடுவேன். மாமாவின் கடிதத்தோடு இன்னொரு சீட்டும் இருக்கும். ‘பொருள்: ஸ்டூல்.’

ஆமாம், அந்த ஸ்டூல் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. கல்யாணுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை லோக்கலில் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிடலாம்தான். கொடுத்துவிட்டால் அப்புறம் ரிமைண்டர் வராதே.